டிட்டோகிராடின் கடைசி சென்டிமீட்டர்

மாண்டினீக்ரோ தனிநாடு என்று வாக்கெடுப்பில் முடிவான மறுநாள் காலை, போத்கோரிட்சா நகரத்தில் பாதிப்பேர் கொடியோடு தெருவில் ஆடினார்கள். மீதிப்பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். பிளகோட்டா எந்தப் பக்கமும் சேராமல் கொல்லையில் அத்திமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். போன் அடித்தது. யார் என்று எடுக்காமலே தெரியும். இருந்தும் எடுத்தான்.

"டேய் டிட்டோகிராட், முழிச்சிருக்கியா? உனக்குன்னு ஒரு நாடு வந்தாச்சு. அதுக்குன்னு ஒரு தலைநகரமும் வந்தாச்சு. இனிமே என்ன சாக்கு வச்சிருக்க?"

பட்டாளத்துச் சிநேகிதன் சரயேவோதான். அரசாங்கப் பதிவேட்டில் அவன் பெயர் ஃபுவாத் என்று இருக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிளகோட்டாவின் நாக்கே கோணும். பிளகோட்டா சாக்குக்காக அத்திமரத்தை அண்ணாந்து பார்த்தான். மரத்திலும் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷமாகப் பறித்துப் பறித்து மொட்டையாகிவிட்டது.

செப்டம்பரில் எல்லோரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

கதை ஆரம்பமானது யூகோஸ்லாவியா என்று ஒரே நாடாக இருந்தபோது, நீஷ் நகரத்துப் பட்டாள முகாமில். எண்பத்து மூன்றாம் வருஷம். பதினெட்டு வயதுப் பையன்களை அள்ளிக்கொண்டு வந்து, எந்த ஊர்க்காரனும் சொந்த ஊரை நினைத்துவிடக் கூடாது என்று கலந்து போடுவார்கள். ஆறு குடியரசுகளின் ஆறு தலைநகரங்களிலிருந்து வந்த ஆறு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் அமைந்தது தற்செயல்தான். அவர்களுக்கு வாய்த்த ஹவில்தாருக்கு ஆள் பெயர் எதுவும் மண்டையில் நிற்காது. ஊர் பெயர் மட்டும் நிற்கும். விடியற்காலையில் ஆஜர் எடுக்கும்போது, "லுப்லியானா! ஸாக்ரெப்! பெல்கிரேட்! சரயேவோ! ஸ்கோப்யே! டிட்டோகிராட்!" என்று கத்துவார். அவனவன் "இருக்கேன்!" என்று பதில் கத்த வேண்டும். மூன்றாம் நாளே பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து போனது. மாண்டினீக்ரோவின் தலைநகரத்துக்கு அப்போது டிட்டோகிராட் என்று பெயர். அதனால் பிளகோட்டா டிட்டோகிராட் ஆனான்.

பட்டாளத்தில் ஒரு வழக்கம் உண்டு. விடுதலைக்கு நூற்றைம்பது நாள் இருக்கும்போது தையல்காரர் அளவெடுக்கிற டேப் ஒன்று வாங்குவார்கள். அதில் நூற்றைம்பது சென்டிமீட்டர். தினமும் ஒன்றை வெட்டி எறிய வேண்டும். டேப் குட்டையாகக் குட்டையாக வீடு பக்கத்தில் வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு டேப் வைத்திருந்தார்கள்; இந்த ஆறு பேரும் சேர்ந்து ஒரே டேப் வைத்திருந்தார்கள். கடைசி ஆறு சென்டிமீட்டர் வந்தபோது எறிய மனம் வரவில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள்.

லுப்லியானா ஒழுங்குப் பேர்வழி. போர்வையை அடிக்கோல் வைத்து மடிக்கிறவன். கட்டம் போட்ட நோட்டுத்தாளில் அவன் ஒப்பந்தம் எழுதினான். ஆறு துண்டு, ஆறு தலைநகரம். செப்டம்பருக்கு ஒருவன் தன் ஊரில் மற்ற ஐந்து பேருக்கும் விருந்து வைத்து, சாப்பிட்டு முடித்ததும் எல்லோர் கண்ணெதிரே தன் துண்டை எரிக்க வேண்டும். கடைசித் துண்டு எரிகிற வரைக்கும் எவனுக்கும் விடுதலை கிடையாது. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பெல்கிரேட் மட்டும் சாராய வேகத்தில் இரண்டு தடவை போட்டான்.

எண்பத்தைந்தில் லுப்லியானா எரித்தான். பிறகு ஸாக்ரெப், பெல்கிரேட், ஸ்கோப்யே என்று வரிசையாக நடந்தது. எண்பத்தொன்பதில் சரயேவோவில் ஃபுவாத் தன் துண்டை எரித்தான். டேப்பின் நுனி, பித்தளைத் தகடு வைத்த ஒன்றாம் எண், பிளகோட்டாவிடம் மட்டும் பாக்கி.

தொண்ணூறில் அவன் முறை வந்தது. கூரை ஒழுகுகிறது, வீட்டைச் சரிபண்ணிக்கொள்கிறேன், ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்று எழுதிவிட்டான். மாண்டினீக்ரோக்காரன் பிறக்கும்போதே களைத்துப்போய்ப் பிறக்கிறவன் என்பது ஊரறிந்த கேலி. ஒருவரும் சந்தேகப்படவில்லை. அடுத்த கோடையில் நாடே பற்றிக்கொண்டது.

அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸாக்ரெபுக்கும் பெல்கிரேடுக்கும் இடையே போன்கூடப் பேச முடியாது. ஸ்கோப்யே மட்டும் இருவரோடும் பேச வழியிருந்ததால், ஒருவன் சொன்னதை மற்றவனுக்குச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிக்கொண்டான். சரயேவோவில் தண்ணீர் இல்லை, விளக்கு இல்லை, தலையை வெளியே நீட்டினால் குண்டு. உயிரோடு இருக்கிறானா என்றே மூன்று வருஷத்துக்கு மேல் தெரியவில்லை. லைன் கிடைத்த முதல் நாள் அவன் பிளகோட்டாவைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "என்னடா, கூரை முடிஞ்சுதா?" பிளகோட்டா போனைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

சண்டை ஓய்ந்த பிறகு ஐந்து பேரும் நச்சரித்தார்கள். பிளகோட்டாவோ, செர்பியாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நாங்கள் முழு நாடா அரை நாடா என்றே தெரியவில்லை, எங்களுடையது தலைநகரமா இல்லையா என்பது தீரட்டும் என்று இழுத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். சோறு போடாமல் தப்பிக்க நாட்டையே உடைத்தவன் என்று பெல்கிரேட் அவனுக்கு ஒரு பட்டம் கொடுத்திருந்தான்.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான், அவன் மனைவி தரிங்கா. கூரை ஒழுகவே இல்லை. எண்பத்தொன்பதில் சரயேவோவிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பிளகோட்டாவுக்கு உறைத்தது: இன்னும் ஒன்றுதான், அதை எரித்துவிட்டால் இவர்கள் வருவதற்குக் காரணமே இல்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் வளர்ந்த அவனுக்கு அந்த ஐந்து பேர்தான் கூடப் பிறந்தவர்கள். ஒரு வருஷம் திருடிப் பார்த்தான். அது பதினாறு வருஷமாகிவிட்டது. அன்றைக்கே அழைத்திருந்தால், எல்லாம் உடைவதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருப்போமே என்ற குற்றவுணர்ச்சி ஒரு பக்கம். இப்போது எரித்தால் இதோடு சரி என்ற பயம் இன்னொரு பக்கம். ஆனால் ஒரு மாண்டினீக்ரோக்காரன் சோம்பேறி என்று பெயரெடுக்கலாம். சொன்ன சொல் தவறினான் என்று பெயரெடுக்கக் கூடாது.

குடும்பப் புனிதர் படத்துக்குப் பின்னால் பிளேடு டப்பாவில் இருந்த துண்டை எடுத்து அவன் பார்த்துக்கொண்டே நின்றான். தரிங்காவுக்குப் பொறுக்கவில்லை.

"என் தையல் பெட்டியில ரெண்டு டேப் இருக்கு. ஒண்ணோட நுனிய வெட்டி எரிச்சிட்டு இதை உள்ள வை. எவன் கண்டான்?"

"நான் கண்டேனே" என்றான் பிளகோட்டா.

அவள் சந்தைக்கு ஆள் அனுப்பி ஆட்டுக்குட்டிக்குச் சொல்லிவைத்தாள்.

செப்டம்பர் வந்ததும் பிளகோட்டா வேலையில் இறங்கினான். சுவருக்கு வெள்ளையடித்தான். முற்றத்தைக் கூட்டினான். எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் வந்து நின்று, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று மெதுவாக விசாரித்தார். அவன் கையில் துடைப்பத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. கோழிக்கூட்டை மட்டும் பிளகோட்டா தொடவில்லை. அதன் கூரையாகக் கிடந்தது ஒரு பழைய ஊர்ப்பலகை. தொண்ணூற்றிரண்டில் டிட்டோகிராட் என்ற பெயரை எடுத்துவிட்டு நகரத்துக்கு மறுபடியும் போத்கோரிட்சா என்ற பழைய பெயரையே சூட்டினார்கள். நெடுஞ்சாலையோரம் பிடுங்கிப் போட்டிருந்த பலகையை, நல்ல தகரமாயிற்றே என்று பிளகோட்டா தூக்கி வந்துவிட்டான். வெயிலும் மழையும் தின்று எழுத்து மங்கிக் கிடந்தது.

விருந்துக்கு நேரம் சனிக்கிழமை ஒரு மணி. சரியாக ஒரு மணிக்குக் கதவு தட்டியது லுப்லியானா. இருபது நிமிஷம் முன்னாலேயே வந்து தெருமுனையில் காருக்குள் உட்கார்ந்திருந்தானாம். சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவதும் தப்பு என்று அவன் சட்டம். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கட்டம் போட்ட தாள். இருபத்திரண்டு வருஷமாகியும் மடிப்புகூட மாறவில்லை.

அடுத்து ஒரே காரில் ஸாக்ரெபும் பெல்கிரேடும் வந்து இறங்கினார்கள். ஸாக்ரெப் தன் ஊரிலிருந்து பெல்கிரேடுக்குப் போய், அவனையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வழியெல்லாம் எந்தப் பாதை கிட்டம் என்று சண்டை போட்டு இரண்டு பேருக்கும் குரல் போயிருந்தது. இந்த இரண்டு பேர் ஒரே காரில் வருவதைப் பார்ப்போம் என்று பிளகோட்டா ஒரு காலத்திலும் நினைக்கவில்லை. வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். சுண்ணாம்பு கண்ணில் விழுந்துவிட்டது என்றான். வெள்ளையடித்து ஆறு நாளாகியிருந்தது.

ஸ்கோப்யே இரண்டு கூடை சிவப்புக் குடைமிளகாயோடு வந்தான். எந்த ஊருக்குப் போனாலும் செப்டம்பரில் மிளகாய் சுடாமல் இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் அடுப்பைக் கூட்டிச் சுட ஆரம்பித்துவிட்டான். இருக்கிறவர்களில் கிட்டத்து ஊர்க்காரனான சரயேவோ வந்து சேர்ந்தது கடைசியில், இரண்டே காலுக்கு. வந்தவன் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தான்.

"முதல்ல ஏணி எங்க? கூரையப் பார்க்காம நான் சோத்துல கை வைக்க மாட்டேன்."

ஏணி வந்தது. பெல்கிரேட் பிடித்துக்கொள்ள, சரயேவோ ஏறி ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பிரமாதமான கூரை, பதினாறு வருஷமும் ஒரு முழு நாடும் செலவானதில் தப்பில்லை என்று மேலிருந்தே தீர்ப்புச் சொன்னான். பிறகு இறங்கி வந்து பிளகோட்டாவைக் கட்டிக்கொண்டவன் வெகுநேரம் விடவில்லை.

இரும்பு மூடியால் மூடி மேலே கங்கு போட்டு வேகவைத்த ஆட்டுக்குட்டியும், அதன் கொழுப்பிலேயே வெந்த உருளைக்கிழங்கும், கெட்டிப் பாலாடையும், கறுத்த திராட்சை மதுவும் மேஜைக்கு வந்தன. சாப்பிட்டார்கள் என்று சொல்வது மரியாதைக் குறைச்சல். எலும்பில் ஒரு நார்கூட மிச்சம் வைக்கவில்லை. எல்லைக்கு எல்லை காட்டிய அடையாள அட்டைகளைப் பரப்பி வைத்து, யார் போட்டோ அசிங்கம் என்று போட்டி வைத்தார்கள். லுப்லியானாதான் ஜெயித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்ட நாட்டுக்காரன் ஒருவன், இல்லாத நாட்டின் இல்லாத பட்டாளத்தில் இன்னும் ஒருநாள் பாக்கி வைத்திருப்பது வெளியே தெரிந்தால் அவனைத் துரத்திவிடுவார்கள் என்று ஸாக்ரெப் பயமுறுத்தினான். தரிங்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள்.

வெயில் தாழ்ந்தது. தட்டுகள் காலியாயின. ஸாக்ரெப் சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தான். பிளகோட்டா உள்ளே போய் பிளேடு டப்பாவோடு வந்தான். மஞ்சள் துண்டை எடுத்து வெள்ளைத் துணியின்மேல் வைத்தான். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பித்தளை மட்டும் மின்னியது.

லைட்டரைக் கையில் எடுத்தான். பற்றவைக்கவில்லை.

"கூரை ஒழுகலடா" என்றான். "ஒரு ஓடுகூட நகரல. நான் சோம்பேறிதான், ஆனா அதுக்காக இல்ல. இது எரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் நீங்க எதுக்குடா இங்க வரப்போறீங்க? அதான் தள்ளிப்போட்டேன். என்னால தான் நாம கடைசியா ஒரு தடவை சேராமப் போச்சு. மன்னிச்சிடுங்க. சொன்ன சொல்லு, இதோ எரிச்சிடுறேன்."

அடுப்பில் மிளகாய்த் தோல் வெடித்தது; ஸ்கோப்யே எழுந்து அதைத் திருப்பப் போனான்.

முதலில் வாய் திறந்தவன் சரயேவோ. "பதினாறு வருஷமா உன்னைச் சோம்பேறின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். இப்ப நான் யார் மூஞ்சில முழிக்கிறது?" என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது பிளகோட்டாவின் தோளில் கை போட்டிருந்தான்.

பிளகோட்டா லைட்டரைத் தட்டினான். சுடர் வந்தது.

"நிறுத்து" என்றான் லுப்லியானா.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, உறைக்குள்ளிருந்த தாளை வெளியே எடுத்தான். செத்துப்போனவனின் உயிலைப் படிக்கிற வக்கீல் மாதிரி நிதானமாகப் படித்தான். முதல் ஐந்து வரிகளிலும் ஊர்ப்பெயரும் நிறைவேறிய தேதியும் இருந்தன. ஆறாவது வரியை இரண்டு தடவை படித்தான். ஆறாவது துண்டு, டிட்டோகிராட் நகரத்தில் எரிக்கப்பட வேண்டும்.

"நான் பன்னிரண்டு மணி நேரம் தூங்காம வண்டி ஓட்டிட்டு வந்தவன். ஊருக்குள்ள வர்றப்ப பலகையக் கவனிச்சுப் படிச்சேன். என்ன எழுதியிருந்துச்சு?"

"போத்கோரிட்சா" என்றான் பெல்கிரேட். அவன் முகம் மெல்ல மலர ஆரம்பித்தது.

"இது போத்கோரிட்சா. ஒப்பந்தத்துல இருக்கிறது டிட்டோகிராட். வேற இடத்துல எரிச்சா செல்லாது. கையெழுத்துப் போட்டிருக்கோம். பெல்கிரேட் ரெண்டு தடவை போட்டிருக்கான்."

ஸாக்ரெப் பிளகோட்டாவின் கையிலிருந்த லைட்டரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பிளகோட்டாவுக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. விளங்குகிற நேரத்தில் கோழிக்கூட்டுப் பக்கமிருந்து ஸ்கோப்யேயின் குரல் வந்தது. மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவன் இடுக்கியால் கூரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஏய், டிட்டோகிராட் இங்க இருக்குடா."

எல்லோரும் எழுந்து ஓடினார்கள். துருவுக்கடியில் எழுத்து தெளிவாகவே தெரிந்தது. அப்படியானால் இங்கேயே எரித்தாக வேண்டுமே என்று பிளகோட்டாவுக்குப் பட்டது. நல்ல தகரம் என்று தானே தூக்கி வந்து வைத்த வினை. யாரைக் குற்றம் சொல்ல?

லுப்லியானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோழிக்கூட்டைச் சுற்றி வந்தான். குனிந்து உள்ளே பார்த்தான். அடைகாக்கிற கோழி ஒன்று அவனை முறைத்தது. நிமிர்ந்து, பேன்ட்டில் ஒட்டிய இறகைத் தட்டிவிட்டான்.

"பலகை இருக்கு. நகரம் இல்ல. குடிமக்கள் நாலு கோழி, அதுல ஒண்ணுக்குக் காய்ச்சல். இதைத் தலைநகரம்னு நான் ஒத்துக்க முடியாது."

யாரும் எதிர்க்கவில்லை. ஒப்பந்தப்படி டிட்டோகிராடைத் தேடிக் கண்டுபிடிக்கிறவரை வருஷாவருஷம் செப்டம்பரில் இங்கேயே கூடித் தேட வேண்டும், தேடுகிறவர்களுக்குச் சாப்பாடு டிட்டோகிராட்காரன் பொறுப்பு என்று லுப்லியானா தாளின் பின்பக்கம் எழுதினான். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். பிளகோட்டாவுக்கு முதல் தடவை அவசரத்தில் கோணியதால் பெல்கிரேட் மாதிரி இரண்டு தடவை போட வேண்டியதாயிற்று. வருஷாவருஷம் ஆட்டுக்குட்டி என்று எழுதியிருக்கிறதா, கோழி என்றால் போதுமா என்று தரிங்கா கேட்டாள். மக்கள்தொகையைக் குறைக்கக் கூடாது என்று சரயேவோ சொல்லிவிட்டான்.

துண்டு மறுபடியும் பிளேடு டப்பாவுக்குள் போனது. கிளம்புகிற நேரம் வந்தபோது பெல்கிரேட் திடீரென்று முற்றத்து நடுவில் விறைத்து நின்று, தாடையைக் கழுத்துக்குள் இழுத்து, பழைய ஹவில்தாரின் குரலில் கத்தினான்.

"லுப்லியானா!"

"இருக்கேன்" என்றான் ஒழுங்குப் பேர்வழி, குதிகாலைச் சேர்த்து.

"ஸாக்ரெப்!" "இருக்கேன்." "சரயேவோ!" அந்த மூன்று வருஷங்களை எல்லோரும் நினைத்திருப்பார்கள். "இருக்கேன்" என்றான் அழுத்தமாக. ஸ்கோப்யே மிளகாயும் வாயுமாக இருந்ததால் கையைத் தூக்கினான். பெல்கிரேட் தன் ஊரைத் தானே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டான்.

"டிட்டோகிராட்!"

அத்திமரத்தடிக் கட்டிலில் அப்போதுதான் சாய்ந்திருந்த பிளகோட்டா எழுந்தான். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு அவன் எழுந்து நேராக நின்றதை தரிங்கா கல்யாணமான நாளிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இருக்கேன்" என்றான்.